கீழாநெல்லிக்கு ஒரு கையெழுத்து!

எங்கள் கம்பெனி மாத்திரை டப்பாவை நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் பார்த்திருக்கலாம். முன்பக்கத்தில் பச்சைப்பசேல் என்று ஒரு கீழாநெல்லிச் செடி. அதைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் ஒரே ஒரு வியாதிதான் ஞாபகத்துக்கு வரும். டப்பாவைத் திருப்பினால் ஒரு வாசகம்: 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.' முன்பக்கம் 'வாப்பா, வா' என்று கூப்பிடும். பின்பக்கம் 'நான் எங்கே கூப்பிட்டேன்?' என்று கையை விரிக்கும். நடுவில் அறுபது மாத்திரை.

அந்த அறுபதும் ஒரே மாதிரி இருக்கின்றன, வெளியே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். கெமிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல். அந்தக் கையெழுத்தை ஒரே ஒரு தடவை பொய்யாகப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

2018-ல் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க வேண்டும். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்று யோசித்து யோசித்துப் போகும். சீட்டாட்ட கோஷ்டி ஒன்று, பக்திப் பாடல் கோஷ்டி ஒன்று, நின்றுகொண்டே தூங்கும் கோஷ்டி ஒன்று. நான் மூன்றாவது. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திணிந்தால் சிப்காட். சுற்றிலும் இரும்பு உருக்குகிற கம்பெனிகள். அந்தப் புகைக்கு நடுவே எங்கள் கட்டடத்தில் மட்டும் பாட்டி வைத்தியம் வாசனை வரும். ஆட்டோக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'கஷாயம் கம்பெனி'. நிஜப் பெயர் இங்கே வேண்டாம்.

முதலாளி முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "ஊர்ல எல்லாரும் கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிக்கிறான். அதை நாம மாத்திரையா குடுத்தா என்ன? ஆபீஸ் போற பையன் அம்மிக்கு எங்க போவான்?"

நியாயமான கேள்வி. அந்த வருஷம் ஜனவரி 1-ம் தேதியிலிருந்துதான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் புது விதிகள் (2016-ல் எழுதியவை) அமலுக்கு வந்திருந்தன. எந்தெந்தச் செடியைச் சத்து மாத்திரையில் சேர்க்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பட்டியல் உண்டு. ஆனால் இது வியாதியைக் குணப்படுத்தும் என்று மூச்சுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1994-லேயே இதே மாதிரி ஒரு சட்டம் வந்து, மூலிகை மாத்திரைகள் சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு டப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டன. எங்கள் முதலாளிக்கு அந்த அலமாரி மீது ஒரு கண்.

"ஈஸிதான் சார்" என்றேன். இருபத்து நாலு வயசில் எல்லாமே ஈஸி.

★ ★ ★

பாராசிட்டமால் 500 என்றால் என்ன? ஒரே ஒரு மூலக்கூறு, 500 மில்லிகிராம். திருவள்ளூரில் செய்தாலும் டோக்கியோவில் செய்தாலும் அதேதான். செடி அப்படியில்லை. செடி ஒரு கூட்டுக் குடும்பம். உள்ளே நூறு பேர் இருப்பார்கள். யார் சம்பாதிக்கிறார், யார் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஒருவர் பருத்திருப்பார், வெயிலில் இளைத்திருப்பார்.

அதனால் விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். குடும்பத்தில் அடையாளம் காண வசதியான ஒருவரைப் பிடித்து, அவர் எத்தனை சதவீதம் என்று அளந்து வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு 'மார்க்கர்' என்று பெயர். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் மாதிரி. அவர் இருந்தால் மற்றவர்களும் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஜெர்மனிக்காரன் ஜிங்கோ இலைக்கு இப்படித்தான் செய்தான். ஃபிளேவோன் கிளைக்கோசைடு 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன் 6 சதவீதம் என்று நிர்ணயித்து, எந்த வருஷம் எந்தத் தோட்டத்து இலை வந்தாலும் அந்த நம்பருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். ஸ்டாண்டர்டைசேஷன் என்கிற பெரிய வார்த்தைக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

கீழாநெல்லியின் ரேஷன் கார்டில் உள்ள பெயர் ஃபில்லாந்தின். அதைப் பிரித்தெடுத்து 1946-ல் கட்டுரை எழுதியவர் டி.ஆர். சேஷாத்ரி. குளித்தலையில் பிறந்தவர், அப்போது வால்டேரில் ஆந்திரா யுனிவர்சிட்டியில் வேலை பார்த்தார். அந்தச் செடியின் கசப்பைத் தேடிப் போனவருக்கு அது கிடைத்தது.

கெட்டிக்கார மூலக்கூறுதான், ஆனால் பிடிவாதம். தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெளியே வராது. ஆல்கஹாலில்தான் கரையும். வெறும் ஆல்கஹாலில் ஊறவைத்தாலோ தண்ணீரில் மட்டும் கரைகிற மற்ற உறவினர்கள் கோபித்துக்கொண்டு செடியிலேயே தங்கிவிடுவார்கள். நாங்கள் எழுபது பங்கு ஆல்கஹால், முப்பது பங்கு தண்ணீர் என்று சமாதானம் பேசினோம். (ஆல்கஹால் டிரம்களுக்குத் தனி ரூம், தனிப் பூட்டு, தனி ரெஜிஸ்டர். எங்கள் கம்பெனியிலேயே ஒழுங்காக எழுதப்பட்ட ஒரே ரெஜிஸ்டர் அதுதான்.)

பத்துக் கிலோ காய்ந்த செடியிலிருந்து ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட். கரும்பச்சையில் ஒரு பவுடர். டப்பாவில் போடவேண்டிய நம்பரை முதலாளியே முடிவு செய்தார்: ஒரு மாத்திரையில் 250 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட், அதில் ஃபில்லாந்தின் ஒரு சதவீதம். அதாவது இரண்டரை மில்லிகிராம். "ஒண்ணுன்னா ரவுண்டா இருக்கு" என்றார்.

இனி மாத்திரை அடிக்க வேண்டும். இங்கேதான் ஆபரேட்டர் அண்ணன் வருகிறார்.

★ ★ ★

அண்ணனுக்குப் பொன்னேரிப் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு மாத்திரை மெஷினில் இருபது வருஷம். நான் எம்.எஸ்ஸி. படித்ததை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "காதை வெச்சுக் கேளு தம்பி, மெஷின் இருமுது பாரு" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு நிமிஷத்தில் மாத்திரை மேல்பக்கம் தொப்பி மாதிரி கழன்று வரும். இதற்குக் கேப்பிங் என்று பெயர். நான் புஸ்தகத்தில் படித்திருந்தேன். அவர் காதால் படித்திருந்தார்.

செடி எக்ஸ்ட்ராக்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். நாங்கள் இருப்பதோ பழவேற்காட்டுக் காற்று அடிக்கிற இடம். பவுடரைத் திறந்துவைத்து டீ குடித்துவிட்டு வந்தால் அல்வா ஆகியிருக்கும். மெஷினின் பஞ்சில் ஒட்டிக்கொண்டு, மாத்திரை அம்மைத் தழும்போடு வெளியே வரும். ஈரத்தை உறிஞ்ச ரூமுக்கு ஒரு மெஷின் வாங்கினார்கள். ஸ்டார்ச்சைக் கூட்டினோம். பைண்டரைக் கூட்டினோம். கடைசியில் கல் மாதிரி மாத்திரை வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால் அடுத்த வம்பு: நிஜமாகவே கல்லாக இருந்தது.

கோட்டிங் இல்லாத மாத்திரை, 37 டிகிரித் தண்ணீரில் பதினைந்து நிமிஷத்துக்குள் கரைந்து உதிர வேண்டும் என்பது இந்தியன் பார்மகோபியா கணக்கு. ஆறு கண்ணாடிக் குழாயில் ஆறு மாத்திரையைப் போட்டு, ஒரு மெஷின் அதைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கும். எங்கள் மாத்திரை நாற்பது நிமிஷம் ஆகியும் அசையவில்லை. அப்படியே விழுங்கினால் வயிறு, குடல் எல்லாம் டூரிஸ்ட் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு முழுசாக ஊர் திரும்பிவிடும். உள்ளே என்ன சத்து இருந்து என்ன பிரயோஜனம்?

தண்ணீர் பட்டதும் வீங்கி மாத்திரையை உடைக்கிற குரோஸ்கார்மெலோஸ் என்று ஒரு பவுடர் உண்டு. அதை எந்தக் கட்டத்தில், எவ்வளவு சேர்ப்பது என்பதற்கே இரண்டு மாதம் போனது. பாதியை முன்னால், பாதியைப் பின்னால் சேர்க்கலாம் என்ற யோசனை அண்ணனுடையது. "ரசத்துக்குப் பெருங்காயம் எங்க வூட்ல ரெண்டு தபா போடுவாங்க தம்பி." பன்னிரண்டு நிமிஷத்தில் மாத்திரை உதிர்ந்தது. ரிப்போர்ட்டில் என் பெயர்தான் வந்தது. அண்ணன் பெயருக்கு அதில் கட்டம் இல்லை.

முதல் பேட்ச் அற்புதம். ஃபில்லாந்தின் 1.1 சதவீதம். முதலாளி ரூமில் லட்டு.

★ ★ ★

எங்கள் ரிசப்ஷனில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஃப்ரேம் உண்டு. உள்ளே 1988 அக்டோபர் மாதத்து 'லான்செட்' கட்டுரை ஒன்றின் முதல் பக்கம். உலகத்து டாக்டர்கள் மதிக்கிற அந்தப் பத்திரிகையில், நம் மெட்ராஸ் கீழாநெல்லி!

அது நிஜமாகவே பெருமையான கதை. மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் (பிற்பாடு அங்கேயே துணைவேந்தர் ஆனவர்), ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க், பிலடெல்ஃபியாவில் இருந்த வெங்கடேஸ்வரன் எல்லாரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் காய்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, முப்பது நாள். முடிவில் 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் காணாமல் போயிருந்தது. 59 சதவீதம். வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது.

வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஃப்ரேம் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். நானும் ஆட்டினேன். பிறகு ஒரு மத்தியானம் சும்மா இருக்கமாட்டாமல், அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

1990-ல் தாய்லாந்துக்காரர்கள் அதே லான்செட்டில் எழுதினார்கள்: எங்கள் ஊர் ஆட்களுக்குக் கொடுத்தோம், போகவில்லை. 1994-ல் நியூஸிலாந்து: எங்களுக்கும் போகவில்லை. 2011-ல் காக்ரேன் என்கிற அமைப்பு, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசிவிட்டு, டம்மி மாத்திரையைவிட இந்தச் செடி உசத்தி என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது. இந்தக் காகிதங்களுக்கு யாரும் ஃப்ரேம் போடவில்லை.

மெட்ராஸில் போனது பாங்காக்கில் ஏன் போகவில்லை? முதல் சோதனை சின்னது என்பது ஒரு பதில். ஒரே பெயரில் இருந்தாலும் மண்ணுக்கு மண் செடி வேறு என்பது இன்னொரு பதில். பெயரே தகராறு! நம் ஊர்ப் புத்தகங்களில் வெகுகாலம் கீழாநெல்லியை 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதிவந்தார்கள். நிஜ நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' என்று தாவரவியல்காரர்கள் சொல்லித் தெளிவாக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல், ஃபில்லாந்தின் என்கிற குடும்பத் தலைவர் அடையாளத்துக்கு மட்டும்தான். கிருமியோடு சண்டை போடுகிறவர் அவர்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நம்முடையது சத்து மாத்திரைதானே, பின்பக்கம் எழுதியிருக்கிறோமே என்று டப்பாவைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

★ ★ ★

இரண்டாவது பேட்ச், 2018 டிசம்பர். மூன்று லட்சம் மாத்திரை, ஐயாயிரம் டப்பா. சரக்கு ஒரு வியாபாரி மூலம் மூட்டை மூட்டையாக வந்தது. அவசரம் என்பதால் சோதனைக்குக் காத்திருக்காமல் எக்ஸ்ட்ராக்ட் எடுத்து, மாத்திரையும் அடித்துவிட்டோம். அப்புறம் மாத்திரையை எச்.பி.எல்.சி. மெஷினில் போட்டேன். கம்ப்யூட்டர் திரையில் ஃபில்லாந்தினுக்கு இமயமலை மாதிரி ஒரு கோடு எழும்ப வேண்டும். பரங்கிமலை எழும்பியது.

0.3 சதவீதம்.

மறுபடி போட்டேன். மெஷின் மேல் பழி போட்டேன். என் மேல் பழி போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை போட்டேன். 0.3. இரண்டரை மில்லிகிராம் என்று எழுதிய இடத்தில் முக்கால் மில்லிகிராம்.

மேனேஜர் நல்ல மனுஷன், என் கல்யாணப் பேச்சுக்கெல்லாம் அறிவுரை சொன்னவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "செடிதானே தம்பி? விஷமா? பழைய ரிப்போர்ட்டையே போட்டுடு. தேதியை மட்டும் மாத்து. வண்டி நிக்குது."

தங்கை காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம். ஆனால் அதைக் காரணம் சொல்வது ஏமாற்று. நிஜக் காரணம், அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. விஷமா என்ன? யாருக்கு நஷ்டம்? போட்டேன். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்திருந்தது.

சரக்கில் என்ன கோளாறு என்று தெரிந்தது ஒரு வாரம் கழித்து. மிச்சம் கிடந்த மூட்டை ஒன்றைக் கூட்டிப் பெருக்குகிற ஆயா பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது. வயசு எழுபது இருக்கும், சின்ன வயசில் ஊத்துக்கோட்டைப் பக்கம் வயல் வரப்பில் மூலிகை பறித்த கை. "இன்னா கண்ணு இது? பாதி மேலாநெல்லி கீது. மீதி குச்சி. எலை எங்க?"

இலை எங்கே? ஃபில்லாந்தின் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. தண்டில் சொற்பம். கீழாநெல்லி இலையோ மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. மொறமொறவென்று காய்ந்த செடியைச் சாக்கில் திணித்து, லாரியில் மேடு பள்ளம் எல்லாம் குலுக்கி எடுத்துவந்தால், இலை தூளாகிச் சாக்கின் கண் வழியே வழியெல்லாம் கோலம் போட்டுக்கொண்டு வரும். எங்களுக்கு வந்து சேர்ந்தது விறகு.

கலப்படமும் எங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. பெங்களூர் விஞ்ஞானிகள் தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி வாங்கிச் சோதித்து 2010-ல் எழுதினார்கள். 76 சதவீதக் கடையில் அசல் கீழாநெல்லி. மிச்சக் கடைகளில் அதன் ஐந்து ஒன்றுவிட்ட சகோதரர்கள். வியாபாரி வேண்டுமென்றே செய்வதுகூட இல்லை. வயலில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கிறது, பறிக்கிறவர் ஒரே பிடியாகப் பிடுங்குகிறார். லென்ஸ் வைத்துப் பூவைப் பார்த்தால் அசலுக்கு இதழ் மாதிரி ஐந்து இருக்கும். சில சகோதரர்களுக்கு ஆறு. ஆயாவுக்கு லென்ஸ் வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 2015-ல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல், நான்கு பெரிய கடைக் கம்பெனிகளின் மூலிகை மாத்திரைகளை டி.என்.ஏ. சோதனை செய்து, பலவற்றில் டப்பாவில் எழுதிய செடியே இல்லை என்று நோட்டீஸ் விட்டார். காய்ச்சி வடித்த எக்ஸ்ட்ராக்டில் டி.என்.ஏ. எப்படி மிஞ்சும் என்று எதிர்க்கட்சி கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். செடியைச் செடியாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பவுடரானபின் பார்ப்பது, சாம்பலைப் பார்த்து விருந்தாளி யார் என்று கேட்பது மாதிரி.

★ ★ ★

2019 பிப்ரவரி. பாக்கிங் லைனில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நான்கு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன அண்ணே, ஓசியிலே சத்தா?"

அவர் சிரிக்கவில்லை. என்னைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முந்தின ஆகஸ்டில் கம்பெனியில் ரத்ததான முகாம் நடந்தது. சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அவரை மட்டும் கூப்பிட்டனுப்பினார்கள். ஹெபடைடிஸ் பி, பாசிட்டிவ். பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவர் டிபன் பாக்ஸ் பைக்குள் மடித்து வைத்திருந்தார். வீட்டில் சொல்லவில்லை. கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். எந்த டாக்டரிடமும் போகவில்லை.

"நம்ம ரிசப்ஷன்ல மாட்டிக்கீறாங்களே தம்பி, அதைக் கிளார்க்காண்ட படிக்கச் சொல்லிக் கேட்டேன். நூத்துல அம்பத்தொம்பது பேருக்குப் போய்டுதாமே. முப்பது நாள்னு போட்டுக்கீது. நான் ஆறு மாசமா சாப்பிடறேன். நம்ம கையால அடிச்ச மாத்திரை. நீ கையெழுத்து போட்ட மாத்திரை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பாராட்டுவதற்காகச் சொன்னார்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு நாய் படுத்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிசம்பர் பேட்ச் 0.3 என்பதை. தாய்லாந்தை, நியூஸிலாந்தை. முழு ஒரு சதவீதம் இருந்திருந்தாலும் அவருக்கு அது போகும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது என்பதை. அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"ஏந்தம்பி, அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா மெஷினை நிறுத்தியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

சனிக்கிழமை லீவு போட்டு இருவரும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்குப் பேச வராது என்று நான் துணை; எனக்கும் வரவில்லை. டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அண்ணன் பையிலிருந்து எங்கள் டப்பாவை எடுத்து வைத்தார். டாக்டர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்: "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல." அப்புறம் நிமிர்ந்து, "யாருங்க இதை உங்களுக்குக் குடுத்தது?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

ரத்தம் எடுத்தார்கள். லிவர் எப்படி இருக்கிறது, கிருமி எவ்வளவு என்று சோதித்தார்கள். அடுத்த தடவை போனபோது டாக்டர் விவரமாகச் சொன்னார். கிருமி இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. இப்போது மருந்து வேண்டாம். விழித்தால் டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை இருக்கிறது. அது கிருமியை ஒரேயடியாக விரட்டாது, அடக்கிவைக்கும். அரசாங்கமே 2018-ல் தொடங்கிய திட்டத்தில் இந்த மாத்திரையை இலவசமாகத் தருகிறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். தண்ணி அடிக்கக் கூடாது. மூலிகை, சத்து, பவுடர் என்று எதையும் கேட்காமல் விழுங்கக் கூடாது. மனைவி, பிள்ளைகளைச் சோதித்து, கிருமி இல்லையென்றால் உடனே தடுப்பூசி.

அண்ணிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கிருமி இல்லை. மூன்று பேருக்கும் மூன்று தவணை ஊசி போட்டாயிற்று. அந்த ஆறு மாசத்தில் வேறு மாதிரி ஆகியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் மீஞ்சூர் தாண்டும்போது வரும். ஏன் மீஞ்சூர் என்று கேட்காதீர்கள்.

★ ★ ★

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், டிசம்பர் ரிப்போர்ட் பொய் என்று எழுதிக்கொடுத்தேன். வேலை போகும் என்று சாப்பாட்டு டப்பாகூட எடுத்துப் போகவில்லை. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. குடோனில் மிச்சம் இருந்தது 1,900 டப்பா. அதை அழிக்கச் சொன்னார். வெளியே போன 3,100-க்கு டீலர்களுக்குக் கடிதம் போனது. திரும்பி வந்தது கொஞ்சம்தான். மற்றதை மக்கள் சாப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் கட். மேனேஜருக்கும். ரிசப்ஷனில் இருந்த ஃப்ரேமை எடுத்துவிடலாமே என்றேன். "அது வரலாறுப்பா" என்றார். சரி, பக்கத்திலேயே 1990, 1994, 2011-ஐயும் மாட்டலாமே என்றேன். மறுநாள் அந்த இடத்தில் ஒரு இயற்கைக் காட்சி தொங்கியது.

அதற்கப்புறம்தான் மாத்திரை செய்யவே கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். வியாபாரி மூட்டை கட். ஊத்துக்கோட்டைப் பக்கம் சில விவசாயிகளிடம் விதை கொடுத்துப் பயிர் வைத்தோம். லக்னோவில் மத்திய அரசின் மூலிகை ஆராய்ச்சி நிலையமான சீமாப், ஃபில்லாந்தின் அதிகம் உள்ள 'சிம்-ஜீவன்' என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. மூன்று மாதத்தில் அறுவடை. நிழலில், தார்ப்பாய் மேல் காயப்போட்டு, உதிர்கிற இலையைக் கூட்டி அள்ளித் தனியாகப் பையில் கட்டுகிறோம். ஹைவே ஓரத்தில் முளைத்ததைத் தொடக்கூடாது என்று கண்டிப்பு. லெட் பெட்ரோல் 2000-த்தோடு போய்விட்டாலும், மண்ணில் படிந்த ஈயம் லேசில் போகாது. ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, ஆர்சனிக் மூன்று, பாதரசம் ஒன்று, காட்மியம் 0.3; இதற்கு மேல் போனால் சரக்கு வாசலோடு திரும்பும். வாசலில் ஸ்டூல் போட்டு ஆயா உட்கார்ந்திருக்கும். ஆயா பார்த்துத் தலையாட்டினால்தான் மூட்டை என் லேபுக்கே வரும். சம்பள ரெஜிஸ்டரில் ஆயாவின் பதவியைத் 'தாவர அடையாளம்' என்று மாற்ற எனக்கு நான்கு மாதம் ஆனது.

இவ்வளவு செய்தும் ஒரு அறுவடையில் 0.7 வருகிறது, இன்னொன்றில் 1.2. காபித்தூள் கடையில் பீபரியையும் பிளான்டேஷனையும் கலக்கிறார்களே, அந்த மாதிரி வீரியமானதையும் நோஞ்சானையும் கணக்குப் போட்டுக் கலக்கிறோம். எப்போதும் தாங்கக்கூடிய நம்பர் 0.7 என்று தெரிந்ததும் டப்பாவிலும் அதையே போடச் சொன்னேன். "நம்பரைக் குறைச்சா எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி. அவர் சொன்னதும் சரி. பக்கத்துக் கம்பெனி டப்பாவில் மூன்று சதவீதம் என்று போட்டிருக்கிறான், எங்களுக்கு விற்பனை குறைந்துதான் போயிற்று. செடி படத்தையும் சின்னதாக்கச் சொன்னேன். அதற்கு இன்னும் மீட்டிங் நடக்கிறது.

அண்ணன் அதே மெஷினில்தான் இருக்கிறார். வேலை போகவில்லை, மாத்திரை மெஷினைத் தொடுவதால் இந்தக் கிருமி யாருக்கும் பரவாது என்று ஸ்டான்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததே போதுமாக இருந்தது. ஆறு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன தடவை கவுன்ட்டரில் ரிப்போர்ட்டை வாங்கியதும் அவர் நேராகத் தேதியைப் பார்த்தார். அப்புறம் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பழைய ரிப்போர்ட்டையே போட்டுடலியே தம்பி?"